சாமி அறையைச் சுற்றிப் போன குழாய்

ஒரே கேள்வியை அவர் மூன்று தரம் கேட்பார். முதல் தரம் சொல்லும் பதிலைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, குனிந்து ஏதோ வேலை செய்துகொண்டிருக்கும்போது நிமிராமலே இரண்டாம் தரம். புறப்படும்போது வேலிப் படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று மூன்றாம் தரம். பதில்கள் ஒன்றுக்கொன்று மாறினால் சிரிப்பார். மூன்றும் சொல் பிசகாமல் ஒன்றாக இருந்தால் இன்னும் மோசம். "பாடமாக்கி வைச்சிருக்கிறியள் போலை கிடக்கு" என்பார்.

எங்கள் வீட்டில், குளியலறைத் தரையைக் காட்டி, அவர் கேட்ட கேள்வி இதுதான்: "உந்த ஓட்டைக்குள்ளை தண்ணியைத் தவிர வேறை என்ன விடுறனீங்கள்?"

"ஒண்டும் இல்லை அண்ணை" என்று மூன்று தரமும் சொன்னேன். பொய் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் அன்றே தெரிந்துவிட்டதோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஊரில் அவரை மேசன் என்றார்கள். குருநகர்ப் பக்கத்திலிருந்து ஷெல்லுக்குப் பயந்து எழும்பி வந்த குடும்பங்களோடு உரும்பிராய்க்கு வந்தவர். கொஞ்சக் காலம் பள்ளிக்கூடத்தில் இருந்தார். பிறகு யாரோ ஒருவரின் தோட்டத்துப் புகையிலைக் குடிலில் தனியே இருந்தார். பட்டணத்தில் வாய்க்கால் வேலை பார்த்தவர் என்று சிலர் சொன்னார்கள். கப்பலில் போனவர் என்று சிலர். பக்கத்து வீட்டு அக்கா இரண்டையும் நம்பவில்லை. "ஆரெண்டு ஆருக்குத் தெரியும்? கண்ணைப் பார், கணக்கெடுக்கிற கண்" என்றாள். அந்த நாட்களில் புதிதாக வந்த எவரைப் பற்றியும் அப்படித்தான் கதைத்தோம். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு, நீண்ட கைகள், கழுத்தில் கறுப்பு நூலில் சின்னதாக ஒரு மாதா பதக்கம்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கல்யாணத்துக்காக அப்பா கட்டிய வீடு அது. அப்பா தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் படத்தை அவரே அடிமட்டம் வைத்துக் கீறினார். எங்கள் ஒழுங்கை வீடுகளில் கக்கூசை உள்ளே வைத்துக் கட்டிய முதல் குளியலறை எங்களுடையது. அது வீட்டின் தெற்குப் பக்கத்தில் இருந்தது. தெற்கு வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணறு. அதனால் அந்தப் பக்கம் கக்கூசுக் குழி வெட்ட முடியாது. வளவின் வடமேற்கு மூலையில் வெட்டினார்கள். குளியலறையிலிருந்து குழிக்கு நேர்கோடு கீறினால் அது சாமி அறைக்குக் கீழே போகும்.

"சாமிக்குக் கீழாலை ஊத்தை ஓடுறதோ?" என்று அப்பா குழாயை வளைத்துவிட்டார். சாமி அறையின் கிழக்குப் பக்கத்தால் சுற்றி, எங்கள் கிணற்றடியால் போய், பிறகு மேற்கே திரும்பி மூலைக்கு. மொத்தம் மூன்று வளைவு. மூன்றாவது வளைவு கிணற்றுக் கட்டிலிருந்து பத்தடி கூட இல்லை. வீடு குடிபூரலுக்கு வந்தவர்கள் எல்லோரும் அப்பாவின் பக்தியை மெச்சினார்கள். நானும் மெச்சினேன். விஞ்ஞானம் படித்தவள் நான். வளைவில் தண்ணீரின் வேகம் குறையும், அதோடு வருவதெல்லாம் அங்கே தங்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அப்பாவிடம் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

இரண்டு மூன்று வருடம் ஒன்றும் நடக்கவில்லை. மகள் பிறந்து அவளுக்கு ஒரு வயது கடந்த ஆடி மாதத்தில்தான் தொடங்கியது. கக்கூசுக்குள் வாளியால் தண்ணீர் ஊற்றினால் அது போகாமல் அப்படியே நின்று, கொஞ்சம் பொறுத்துக் குளியலறைத் தரையில் இருந்த ஓட்டையால் மேலே வந்தது. நாற்றம் குசினி வரை வரும். மேசன் வந்து மூங்கில் சிலாகையை விட்டு இழுத்துச் சரிப்படுத்துவார். பத்துப் பன்னிரண்டு நாள் ஓடும். மறுபடி வரும்.

"ஒண்டை எடுத்துப்போட்டு ஒண்டை வைச்சுப்போட்டுப் போறாராக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "இல்லாட்டி ஒரு அடைப்பு உப்பிடித் தவணை வைச்சு வருமே?"

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஏனென்றால் அந்த ஓட்டைக்குள் நான் விட்டது வெறும் தண்ணீர் அல்ல. பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் வராத காலம். எல்லோரையும்போல நானும் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில்தான் உடுப்புத் தோய்த்தேன். வழக்கத்தில் அதைச் செய்கிற இடம் கிணற்றடிக் கல். களியும் பழத்தின் நார்த் தும்பும் வாழைக்குப் போய்விடும். ஆனால் கிணற்றடி வெட்டவெளி. ஒருநாள் பிள்ளையின் துணிகளைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது பொம்மர் விமானம் தலைக்கு மேலே தாழப் போனது. பிள்ளை வீட்டுக்குள் தொட்டிலில். நான் கிணற்றடியில். ஓடி உள்ளே போவதற்கிடையில் அது தாண்டிப் போய்விட்டது. குண்டு வேறெங்கோதான் விழுந்தது. ஆனாலும் அன்றிலிருந்து நான் பனங்களியையும் துணிகளையும் குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பார்த்தபடி தோய்க்கத் தொடங்கினேன். அப்பா மத்தியானம் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான் செய்வேன். உள்ளே உடுப்புத் தோய்க்கக் கூடாது என்று குடிவந்த அன்றே சொல்லியிருந்தார். என் பயத்தைப் பற்றி அவரிடம் ஒருதரம் வாயெடுத்தபோது, "பொம்மர்காரன் உன்ரை உடுப்புக்கொடியைப் பாத்தே குண்டு போடுறான்?" என்று சிரித்தார்.

மேசன் குழாயிலிருந்து இழுத்த எதையும் எறிய மாட்டார். ஒரு சாக்கை விரித்து அதில் பரப்பி, குச்சியால் கிளறிக் கிளறிப் பார்ப்பார். அதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கும், பயமாகவும் இருக்கும். ஒருநாள் சாக்கிலிருந்து கறுத்த சின்னக் கட்டை ஒன்றைக் குச்சியால் தூக்கி, "ஐயா சுருட்டுப் பத்துறவரோ?" என்று கேட்டார்.

கதிரையில் இருந்த அப்பா பேப்பரை இறக்கவில்லை. "நான் விட்டு ஏழு வருசம்."

"அப்ப பிள்ளை பத்துறவோ?"

அப்பாவின் காது சிவந்துவிட்டது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஏழு வருடத்துக்கு முன் அம்மாவின் படத்தடியில் செய்த சத்தியம் அது. அப்பா கக்கூசுக்குள் இருந்து இரகசியமாகச் சுருட்டுக் குடிப்பது எனக்கும் என் கணவருக்கும் அன்றுவரை தெரியாது. அடுத்த நிமிடமே என் சிரிப்பு நின்றுவிட்டது. இதைக் கண்டுபிடித்தவர் மற்றதையும் கண்டுபிடிப்பார்.

கண்டுபிடித்தார். மஞ்சளாக ஒரு பிடித் தும்பை எடுத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார். "பிள்ளை, உது என்ன?"

"சட்டி பானை மினுக்கிற தேங்காய்ப் பொச்சாயிருக்கும் அண்ணை."

"பொச்சு மண்ணிறம். உது மஞ்சள்."

"எனக்குத் தெரியாது."

மூக்குக்கு அருகில் கொண்டுபோய் மணந்தார். என்னைப் பார்த்தார். தும்போடு திரும்பிப் போனார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நான் அவரைக் கண்காணிக்கத் தொடங்கினேன். ஒருநாள் யன்னலால் பார்த்தபோது அவர் வளவில் காலடி வைத்து அளந்துகொண்டிருந்தார். குளியலறைச் சுவரிலிருந்து முதல் வளைவு, அங்கிருந்து இரண்டாவது, பிறகு கிணற்றடி. கிணற்றடி வாழைக்கு அருகில் நின்று, நிலத்தைக் குதியால் தட்டி, குந்தியிருந்து காதை மண்ணோடு சேர்த்து வைத்துக் கேட்டார். என் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகள் எல்லாம் ஒரு மாப்பேணித் தகரத்துக்குள் அந்த வாழையடியில்தான் புதைக்கப்பட்டிருந்தன. எனக்கும் கணவருக்கும் மட்டும் தெரிந்த இடம்.

அவர் போனதும் பேணியைக் கிண்டி எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். கணவர் உடுப்பிட்டியில் படிப்பித்துவிட்டுச் சைக்கிளில் வந்து சேர்ந்ததும் சொன்னேன். "அந்த மனிசன் குழாயை அளந்திருப்பார்" என்றார். "குழாய் ஏன் வாழையடியாலை போகுது?" என்று கேட்டேன். "உங்கடை அப்பாதானே அப்பிடி விட்டவர்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார்.

மேசன் அடுத்த தரம் வந்தபோது வாழையடியில் நின்றுவிட்டார்.

"இதிலை ஆர் மண் கிண்டினது?"

"நான்தான். வாழைக்குப் பசளை தாட்டனான்."

"பசளை தாட்டா மண் மிதந்து நிக்கும். உங்கை பள்ளமாயெல்லே கிடக்கு."

அவர் என்னைச் சந்தேகித்தார். நான் அவரைச் சந்தேகித்தேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவரைப் பற்றி என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. எங்கள் வீட்டில் அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. பழைய சர்பத் போத்தல் ஒன்றில் தன்னுடைய தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். முதல் நாள் தேத்தண்ணி போட்டுவிட்டு, எதில் கொடுப்பது என்று நான் அலுமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். வேலைக்கு வருகிறவர்களுக்கென்று அப்பா வைத்திருந்த பேணி கீழ்த்தட்டில் இருந்தது. அது பிழை என்று தெரிந்தும் அதைத்தான் எடுத்தேன். அவர் பேணியைப் பார்த்து, "வேண்டாம் பிள்ளை, வழக்கமில்லை" என்றார். எனக்குக் கூசியது. அடுத்த தரம் எங்களுடைய கோப்பையிலேயே கொண்டுபோனேன். அதற்கும் அதே பதில். இத்தனைக்குப் பிறகும் எங்களைத் தண்டிக்கிறார் என்று என் கூச்சம் கோபமாக மாறியது.

இதற்கிடையில் மகளுக்கு வயிற்றோட்டம். இரண்டு மாதத்தில் மூன்று தரம். மூன்றாவது தரம் கண்கள் குழிவிழுந்து, அழக்கூடக் கண்ணீர் இல்லாமல் கிடந்தாள். டிஸ்பென்சரி டாக்குத்தர் அவளுடைய தோலைக் கிள்ளி, அது படியாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "தண்ணி கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறியளோ?" கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன். விறகு எவ்வளவு தட்டுப்பாடாக இருந்தும் ஒருநாளும் தவறவில்லை. என் கையில்தான் ஏதோ பிழை என்று போத்தல், கரண்டி, என் நகங்கள் எல்லாவற்றையும் கொதிதண்ணீரில் கழுவினேன். பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள். பால் பிழையோ, கண்ணூறோ, நான் படித்த படிப்புப் பிழையோ என்று ஒவ்வொரு நாளும் ஒன்றை நினைத்தேன்.

அப்படி ஒரு காலைநேரம். அடைப்பு மறுபடி வந்து, மேசன் கிணற்றடிப் பக்கம் நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் மகளைப் பெரிய தாச்சிச் சட்டிக்குள் இருத்திக் குளிக்க வார்த்தேன். அவள் விளையாட்டுக்குச் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு வாயில் வைத்தாள். அடுத்த கணம் அந்த மனிதர் பாய்ந்து வந்து அவளுடைய கையிலிருந்து கிண்ணத்தைப் பறித்து எறிந்தார். பிள்ளை வீரிட்டாள்.

"என்ரை பிள்ளையிலை கை வைக்க நீர் ஆர்?" என்று கத்தினேன். அதுவரை அவரை அண்ணை என்றும் நீங்கள் என்றும் சொன்ன வாய்.

அப்பா ஓடிவந்தார். மேசன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வைக்கிறா. குளிக்கேக்கை பிள்ளை குடிக்கிறதை ஆர் கொதிக்க வைக்கிறது?" என்றார்.

"என்னங்காணும் சொல்லுறீர்?" என்றார் அப்பா.

"உங்கடை கிணத்துக்குள்ளை உங்கடை குழாய் வருகுது ஐயா. நான் வந்த முதல்நாள் தொடக்கம் எனக்கு ஐமிச்சம்."

"அப்ப ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"சொன்னால் நம்பியிருப்பியளோ? எனக்கே வடிவாய்த் தெரியாது. தெரியாத தண்ணியை நான் வாயிலை வைக்கிறேல்லை, அவ்வளவுதான்."

அந்தப் பேணிக்கும் கோப்பைக்கும் அலுமாரிக்கு முன்னால் நின்ற என்னுடைய கூச்சத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. அல்லது இருந்ததோ. இப்போதும் எனக்கு அது முழுதாகத் தெளியவில்லை.

அப்பா நம்பவில்லை. "பதினைஞ்சு முழம் ஆழத்திலை தண்ணி. நடுவிலை கல்லு. எப்பிடி வரும்?" என்றார்.

"கல்லு வெடிச்ச கல்லு ஐயா. நீங்கள் என்னை நம்ப வேண்டாம். சாயம் விட்டுப் பாப்பம்."

பக்கத்து வீட்டு அக்கா பெட்டி இழைக்க ஓலைக்குப் போடும் நாவல்நிறச் சாயம் வைத்திருந்தாள். மேசன் அவளிடம் வாங்கி, வாளியில் கரைத்து, குளியலறை ஓட்டையால் விட்டார். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் எவர் வாயிலும் படக்கூடாது என்றார். பக்கத்து வீட்டிலிருந்து அள்ளினோம். இரண்டு நாள் காலையில் வந்து ஒரு வாளி அள்ளி வெள்ளைக் கோப்பை ஒன்றில் ஊற்றிக் கிணற்றுக் கட்டில் வைத்தார். தெளிந்த தண்ணீர். அப்பாவின் முகம் தெளிந்தது.

மூன்றாம் நாள் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கக் கூடாதென்று மற்ற இரண்டு பேரையும் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நிற்க வைத்தார். காதுக்குள் சொல்ல வேண்டுமாம். முதலில் அக்கா போனாள். பிறகு நான். குனிந்து கோப்பையைப் பார்த்தேன். மிக மெல்லிய இளஞ்சிவப்பு, பிள்ளையின் நகக்கண் நிறம். "சிவப்பு" என்று அவருடைய காதுக்குள் சொன்னேன்.

கடைசியாக அப்பா போனார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். நெடுநேரம் பார்த்தார். "வெயில் தெறிக்குது" என்றார், எல்லோருக்கும் கேட்க.

மேசன் கோப்பையைத் தூக்கி நிழலுக்குள் கொண்டுபோய் வைத்தார். அப்பா அங்கே வந்து பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய்விட்டார்.

மத்தியானம் மூன்றாவது வளைவில் மேசன் தோண்டினார். இரண்டடிக்குக் கீழே மண் கறுத்து ஈரமாக வந்தது. குழாய்ப் பொருத்து வெடித்துக் கிடந்தது. வளைவுக்குள் கையை விட்டு அவர் இழுத்து எடுத்தது ஒரு தேங்காயளவு உருண்டை. மஞ்சள் தும்பு, அடுக்கடுக்காக, கொழுப்பும் மண்ணும் சேர்ந்து இறுகியிருந்தது. அடைப்பால் தண்ணீர் எதிர்த்துத் திரும்பி, பொருத்தை வெடிக்க வைத்து, மண்ணுக்குள் போய், கல்லு வெடிப்பால் கிணற்றுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு மத்தியானமும் கதவைத் திறந்து வைத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து நான் கழுவி அனுப்பியது அது.

அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு தோண்டிய கிடங்கின் விளிம்புக்கு வந்தார். "உதென்ன மேசன்?"

நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன் என்று நினைக்கிறேன்.

"வேர் ஐயா" என்றார் மேசன்.

"என்ன வேர்?"

"தென்னை வேர். வளைவிலை தண்ணி தங்கும். தங்கிற இடத்துக்கு வேர் வரும். வெட்டி எறிஞ்சாலும் திரும்ப வரும். உந்த வளைவு இருக்குமட்டும் வரும்."

"தென்னை அங்கையெல்லோ நிக்குது?"

"உங்கடை தென்னை நீங்கள் நினைக்கிறதிலும் கெட்டிக்காரன் ஐயா."

அந்த உருண்டையை அப்பா குனிந்து பார்ப்பதற்கிடையில் சாக்குக்குள் போட்டுக் கட்டினார். என்னை ஒருதரமும் பார்க்கவில்லை. எவரையும் நம்பாத மனிதர் எனக்காகப் பொய் சொல்லிவிட்டார் என்று கண் கலங்கியது. பிறகு, இல்லை, குழாயை நேராக்குவதற்குத்தான் சொன்னாரோ என்று தோன்றியது. தும்பு என்று சொல்லியிருந்தால் அப்பா என்னை ஏசிவிட்டு வளைவை அப்படியே விட்டிருப்பார். வேர் என்றால் வளைவுதான் குற்றவாளி. அவர் என்னைக் காப்பாற்றினாரா, தன் வேலையைக் காப்பாற்றினாரா?

"நேரை விடுறதெண்டால் சாமி அறைக்குக் கீழாலைதான்" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார். "இல்லாட்டி உந்தக் கக்கூசைப் பூட்டிவிடுங்கோ. நான் இனி அடைப்பு எடுக்க வரமாட்டன்."

மறுநாள் விடிந்து நான் எழும்பி வந்தபோது சாமி அறையில் படங்கள் இல்லை. அப்பா தன்னுடைய அறையைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, எல்லாப் படங்களையும் அங்கே கிழக்கு நோக்கி வைத்திருந்தார். தன் கட்டிலைத் தனியாளாக இழுத்துக்கொண்டு பழைய சாமி அறைக்குள் நின்றார்.

"வேலை முடியுமட்டும் கட்டில் விறாந்தையிலை கிடக்கட்டும். பிறகு இதுக்குள்ளை போடு" என்றார். "எனக்குக் கீழாலை போகட்டும்."

வேலை ஆறு நாள் பிடித்தது. சீமெந்து இல்லை. சுண்ணாம்பும் மணலும் பனங்கட்டித் தண்ணீரும் சேர்த்துக் குழைத்துப் பொருத்துகளை வைத்தார். அதன் மேல் சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டிச் சுற்றிக் கட்டினார். ஒவ்வொரு பொருத்தையும் கட்டிவிட்டு, தான் கட்டியதைத் தானே நம்பாமல், தண்ணீர் விட்டு அடியில் சாம்பல் தூவிப் பார்த்தார். சாம்பல் நனைந்தால் பிரித்து மறுபடி. ஒரு பொருத்தை நான்கு தரம் பிரித்தார். கிணற்றை இறைத்து, மருந்து போட்டு, மறுபடி இறைத்தோம்.

கடைசி நாள் நான் தனியே நின்றபோது கிட்ட வந்தார்.

"பிளேனுக்குப் பயமோ பிள்ளை?"

நான் தலையாட்டினேன்.

அலவாங்கை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். உடுப்புத் தோய்க்கிற கல்லை நெம்பி, உருட்டி, நெம்பி, மாமரத்துக்குக் கீழே குண்டுக்குப் பதுங்க வெட்டியிருந்த பங்கர் வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அரை நாள் எடுத்தது. "தொட்டிலைப் பங்கருக்குள்ளை கட்டும். களியைச் சீலையிலை வடிச்சுப்போட்டுத் தோயும்" என்றார். பிறகு, "எனக்கு உம்மிலை நம்பிக்கை இல்லை. பத்து நாளிலை வந்து சிலாகை விட்டுப் பாப்பன். தும்பு வந்தால் ஐயாவிட்டைச் சொல்லிப்போடுவன்."

பத்தாம் நாள் வந்தார். சிலாகை விட்டார். ஒன்றும் வரவில்லை. அதையும் நம்பாமல் அடுத்த பத்தாம் நாளும் வந்தார்.

மகள் தேறினாள். அந்த வருடம் மாரி பிறப்பதற்கிடையில் கன்னம் வைத்துவிட்டது.

சில வருடங்களுக்குப் பிறகு இராணுவம் நெருங்கி வர ஊரே எழும்பிச் சாவகச்சேரிக்குப் போனபோது நாங்களும் போனோம். தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் ஓர் அறையில் ஐந்து குடும்பம். விட்டுவந்த வீட்டைப் பற்றிக் கதை வந்த ஒரு பின்னேரம், அப்பா பாயில் படுத்தபடி, "அது வேரில்லை எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார். "வேர் மஞ்சளாய் இருக்குமே? பனங்காய் மணம் மூக்கைத் துளைச்சுது."

எனக்கு முகம் எரிந்தது. "பிறகேன் அப்பா பேசாமல் இருந்தனீங்கள்?"

"பேசியிருந்தால் குழாய் அங்கையே கிடந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த கிழமை அகதிகள் இருந்த பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பின்பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கக்கூசுக்குக் கிடங்கு வெட்டிக்கொண்டு, கிணறு எந்தப் பக்கம் என்று நான்கு பேரைத் தனித்தனியே விசாரித்துக்கொண்டிருந்தார். இன்னும் மெலிந்திருந்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் அப்பா சொன்னதைச் சொன்னேன். "அது வேரில்லை எண்டு அப்பாவுக்கு அண்டைக்கே தெரியுமாம் அண்ணை."

மேசன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "பொய்" என்றார். "நான் அவரின்ரை முகத்தைப் பாத்தனான். ஐயா நம்பினவர். இப்ப உமக்கு அப்பிடிச் சொல்லுறார்."

இரண்டு பேரில் எவர் சொல்வது உண்மை என்று நான் நின்று தடுமாறியபோது அவர் கேட்டார்: "பிள்ளைக்கு இப்ப வயிறு எப்பிடி?"

"ஒரு குறையும் இல்லை அண்ணை. நல்ல சுகம். இடம்பெயர்ந்து வந்த பிறகும் ஒண்டும் இல்லை."

நான் சொன்னதை அவர் கேட்டதாகவே தெரியவில்லை. கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு மகளுக்கு முன்னால் குந்தினார். அவளுடைய புறங்கைத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விட்டார். தோல் திரும்பிப் படிவதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். மற்றக் கையிலும் அப்படியே செய்து பார்த்தார்.

"நொந்ததோ குஞ்சு?" என்று அவளிடம் கேட்டார்.

"இல்லை" என்றாள் மகள்.

"சரி" என்று எழும்பிப் போய்க் கிடங்குக்குள் இறங்கினார். அவளை மறுபடி கேட்கவில்லை.